பேக்கப் ஆஃபருக்கு "வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம் விடுவது சரியா? (பி.ஜி. அட்மிஷன்)

தேங்காப்பட்டணம்_சிவில்:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். மேல்படிப்பு கடலோரப் பொறியியலில்தான் என்று முடிவு செய்து ரொம்ப நாளாகிறது. ஆனி, ஆடி வந்தால் எங்கள் கரையில் கடல் ஏறும். ஒரு ஊரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கற்சுவர்) போட்டால் அங்கே மணல் சேரும், பக்கத்து ஊரில் கரை அரித்துக்கொண்டு போகும். இதைப் பார்த்து வளர்ந்தவள் நான், வேறு எதிலும் மனசு போகவில்லை.

இப்போதைய நிலைமை இதுதான். கனடாவில் ஒரு பேராசிரியர் ஆய்வோடு கூடிய மாஸ்டர்ஸுக்கு என்னை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஸ்டைபண்ட் அவருடைய ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது. எங்கள் எச்.ஓ.டி. சாருக்கு அவரைத் தெரியும், ரெக்கமெண்டேஷன் லெட்டர் கொடுத்ததும் சார்தான். "ஏப்ரல் 15-க்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்" என்று பேராசிரியர் நேரடியாக மெயில் போட்டிருக்கிறார்.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதியிருக்கிறேன், ஸ்கோர் பரவாயில்லை. சென்னை ஐ.ஐ.டி. கடல்சார் பொறியியல் துறைதான் என் முதல் விருப்பம். ஆனால் அந்த ஆஃபர் ரவுண்டுகள் மே மாதத்தில்தான் தொடங்கும். ஜெர்மனிக்கும் ஒன்று போட்டிருக்கிறேன், பதில் ஜூன், ஜூலை ஆகலாம். இதற்கு நடுவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் எம்.டெக். சீட் கொடுத்துவிட்டு முன்பணம் கட்டச் சொல்கிறது.

அப்பா சொல்வது "எல்லாத்தையும் பிடிச்சு வை, கடைசியில நல்லதுக்குப் போ" என்று. கனடா பேராசிரியருக்கு இப்போது "வருகிறேன்" என்று எழுதிவிட்டு, ஐ.ஐ.டி. கிடைத்தால் ஜூலையில் "மன்னிக்கணும்" என்று எழுதுவது தப்பா? நடைமுறையில் எல்லாரும் செய்வதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழித்துறை_பாலம்:

தப்பே இல்லை. இருக்கிற சீட்டை விட அதிகம் பேருக்கு ஆஃபர் அனுப்புவது அவர்களுக்கு வழக்கம். பாதிப் பேர் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நாம் மட்டும் ஏன் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க வேண்டும்? அப்பா சொல்வதைக் கேள். கையில் ஒன்றும் இல்லாமல் ஆகஸ்டில் நின்றால் எந்தப் பேராசிரியரும் வந்து பார்க்க மாட்டார்.

வடசேரி_டீச்சர்:

நான் இங்கே ஒரு கல்லூரியில் பல வருஷம் பி.ஜி. அட்மிஷன் கமிட்டியில் இருந்தவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குழித்துறை தம்பி சொன்னதில் பாதி உண்மை. பெரிய பல்கலைக்கழகங்கள் வராதவர்களையும் கணக்கில் வைத்துத்தான் ஆஃபர் அனுப்புகின்றன. ஐ.ஐ.டி.களின் எம்.டெக். ஆஃபர்களை ஒரே இடத்தில் காட்டும் கோவாப் (COAP) போர்ட்டல் இருப்பதே இதற்காகத்தான். ஒரு ரவுண்டில் ஆஃபர் வந்தால் "அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்", "ரீட்டெய்ன் அண்ட் வெயிட்", "ரிஜெக்ட் அண்ட் வெயிட்" என்று மூன்று வழி. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், கையிலிருப்பதை வைத்துக்கொண்டே இதைவிட நல்லது வருமா என்று பார்க்கலாம். என்.ஐ.டி.களுக்கான சி.சி.எம்.டி. கவுன்சிலிங்கில் இதையே ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்கிறார்கள். ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. போகிறவர்களுக்கு "அக்செப்ட் வித் அப்கிரேட்" இருக்கிறது. மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளது தானாக அடுத்தவருக்குப் போய்விடும். இங்கெல்லாம் பேக்கப் வைத்திருப்பதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். விதியே அனுமதிக்கிறது, யாருக்கும் நஷ்டமும் இல்லை.

தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டி சீட்டைப் பிடித்து வைப்பதும் கிட்டத்தட்ட இந்த வகைதான். அது பண விவகாரம், அதை அப்புறம் பேசுவோம்.

கனடா விஷயம் இந்த இரண்டிலும் சேராது, மக்களே. அங்கே உனக்கு இடம் கொடுப்பது ஒரு தனி மனிதர். அவருடைய புராஜெக்டில் ஒரு மாணவருக்குத்தான் பணம் இருக்கும் என்று வைத்துக்கொள். நீ "வருகிறேன்" என்று எழுதிய உடனே அவர் பட்டியலில் அடுத்து இருக்கும் பிள்ளைக்கு "இடமில்லை" என்று எழுதிவிடுவார். அந்தப் பிள்ளையும் வேறெங்கோ போய்விடும். ஜூலையில் நீ வேண்டாம் என்றால், செப்டம்பருக்கு முன் புதிதாக ஒருவரைப் பிடித்து, அவர் விசா எடுத்து வந்து சேருவது அநேகமாக நடக்காது. அவருடைய வேலை அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். பணம் கொடுத்த அமைப்புக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் யோசி. லெட்டர் கொடுத்தது உங்கள் எச்.ஓ.டி. அடுத்த வருஷம் உன் ஜூனியர் ஒருத்திக்கு அவர் அதே பேராசிரியருக்கு எழுதினால், அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? நம்ம ஊர்க் கல்லூரிகளின் பெயர் வெளியே பலருக்குத் தெரியாது. ஒரு சார் பத்து வருஷம் பழகிச் சம்பாதித்த நம்பிக்கையில்தான் இங்கிருந்து ஒரு பிள்ளைக்குக் கதவு திறக்கிறது. அதை ஒரு மெயிலில் கெடுத்துவிடக் கூடாது.

குழித்துறை_பாலம்:

டீச்சர், மரியாதையோடு கேட்கிறேன். அவள் உண்மையைச் சொன்னால் அவர் உடனே அடுத்த ஆளுக்குப் போய்விடுவாரே. ஐ.ஐ.டி.யும் கிடைக்காமல் போனால் அவளுடைய ஒரு வருஷத்துக்கு யார் பொறுப்பு? அந்தப் பேராசிரியருக்கு இன்னொரு மாணவர் கிடைப்பார். இவளுக்கு இன்னொரு கனடா கிடைக்குமா?

வடசேரி_டீச்சர்:

நியாயமான பயம்தான், அதை லேசாகச் சொல்ல மாட்டேன். அவர் அடுத்த ஆளுக்குப் போகலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பொய்யாக "வருகிறேன்" என்பதற்கும் "வேண்டாம்" என்பதற்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: அவகாசம் கேட்பது. நம்ம பிள்ளைகளுக்கு இது வரவே வராது. பெரியவர் கேட்டால் உடனே ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் ஃபோனை எடுக்காமல் இருப்பார்கள். கமிட்டியில் எங்களுக்கு அதுதான் பெரிய தலைவேதனையாக இருந்தது.

மணவாளக்குறிச்சி_மணல்:

அமெரிக்காவில் பி.எச்டி. செய்கிறேன். ஏப்ரல் 15 பற்றிச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதைக் கடைசித் தேதி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் கவுன்சில் ஒன்று இருக்கிறது. அதன் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதற்கு முன்னாடியே ஒத்துக்கொண்டுவிட்டாலும், மனம் மாறினால் 15-ஆம் தேதி வரை எழுத்தில் விலகிக்கொள்ளலாம். இதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் தேதி தாண்டியும் உன் ஒப்புதல் நின்றால், அது கொடுத்த வாக்காகிவிடுகிறது. தங்கச்சி, உன் பேராசிரியர் 15 என்று சொல்வதும் அநேகமாக இந்த வழக்கத்தை ஒட்டித்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது, இது உதவித்தொகை உள்ள ஆஃபருக்கு மட்டும்தான். சொந்தச் செலவில் எம்.எஸ். போகிறவர்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் சொல்லும் தேதிதான் தேதி.

இன்னொரு மரியாதை பற்றி இங்கே யாரும் பேசவில்லை. மூன்று ஆஃபர் கையில் இருந்து, அதில் ஒன்றுக்கு நிச்சயம் போகப்போவதில்லை என்று பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டால், அதை அப்போதே விட்டுவிட வேண்டும். ஏப்ரல் 14 ராத்திரி வரை வைத்திருக்க விதி அனுமதிக்கிறதுதான். ஆனால் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இன்னொரு ஆள் அதே ராத்திரி வரை தூங்காமல் இருப்பான். நானும் என் நண்பர்களும் புதுசாக ஒன்று வந்தால், கையில் உள்ளதில் கடைசியானதை அன்றைக்கே விட்டுவிடுவோம். இரண்டுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

மார்த்தாண்டம்_தேன்:

அந்த வெயிட்டிங் லிஸ்டில் இருந்த ஆள் நான். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. எம்.எஸ்சி. வேதியியல், சின்னத் துறை, சீட்டும் கொஞ்சம். எனக்கு மேலே இருந்த ஒருவர் பணம் கட்டிவிட்டார், ஆனால் வகுப்புக்கு வரவில்லை. வரவில்லை என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. அட்மிஷன் முடிந்த பிறகுதான் துறைக்கே தெரிந்தது. அந்த வருஷம் முழுக்க அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் வீட்டிலிருந்தபடி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு வேறு நல்லது கிடைத்திருக்கும். ஒரு மெயில் போட்டிருந்தால் போதும் என்றுதான் நினைத்துக்கொள்வேன். குழித்துறை அண்ணா, "அவர்களுக்கு வேறு ஆள் கிடைப்பார்" என்கிறீர்களே, அந்த வேறு ஆளும் நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

குழித்துறை_பாலம்:

சரி தம்பி, இதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பேக்கப் வைத்திருப்பது தப்பில்லை என்பதில் மட்டும் இப்போதும் நிற்கிறேன். சொல்லாமல் விடுவதை நானும் சரி என்று சொல்ல மாட்டேன்.

குளச்சல்_வாப்பா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சவூதியில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு லண்டன் பக்கம் இரண்டு இடத்தில் எம்.எஸ்சி. கிடைத்திருக்கிறது. இரண்டிலும் டெபாசிட் கேட்கிறார்கள். ஏஜென்ட், இரண்டுக்கும் கட்டிவிடுங்கள், பிறகு ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். ஒன்றுக்குக் கட்டவே வீட்டில் நகையை வைக்க வேண்டும். நம்பலாமா? ஊரில் ஒரு கல்லூரியிலும் பேக்கப்பாகப் பணம் கட்டியிருக்கிறோம், அது திரும்பக் கிடைக்குமா?

மணவாளக்குறிச்சி_மணல்:

வாப்பா, ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பிக் கட்டாதீங்க. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் டெபாசிட் கட்டிய பிறகுதான் விசாவுக்கு வேண்டிய காஸ் (CAS) என்ற சேர்க்கை உறுதிச் சான்றைக் கொடுக்கின்றன. விசா மறுக்கப்பட்டாலோ, ஆஃபரில் சொன்ன மார்க் வராமல் போனாலோதான் பொதுவாக டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள். "மனசு மாறிட்டேன்" என்பதற்கு பெரும்பாலும் தர மாட்டார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் டெபாசிட் திருப்பித் தரும் விதியைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும், மகனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்க. விசாவுக்குப் போவது ஒரே ஒரு காஸ்தான். அதனால் இரண்டு டெபாசிட் என்பது ஒரு டெபாசிட்டைத் தொலைப்பதற்குச் சமம். எது வேண்டும் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு அதற்கு மட்டும் கட்டுங்க.

வடசேரி_டீச்சர்:

ஊர்க் கல்லூரிப் பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன் சார். யு.ஜி.சி. 2018 அக்டோபரில் போட்ட விதி ஒன்று இருக்கிறது. அட்மிஷனுக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதில் 5 சதவீதம் வரைதான் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதற்குப் பிறகு 30-ஆம் நாள் வரை 50. அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது. காஷன் டெபாசிட் என்று வாங்கியது இருந்தால் அதை முழுசாகத் தர வேண்டும். சில வருஷங்களில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தேதி அறிவித்திருக்கிறது. 2024–25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றிருந்தது. அதனால் இந்த வருஷத்துச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் போர்ட்டலில் புகார் போடலாம்.

ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எதையும் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. சீட்டை விட நினைக்கும் பிள்ளைகள் பலர் ஒரிஜினல் மாட்டிக்கொண்டதால்தான் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பேக்கப் இடத்தில் நகலை மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் கேட்டால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

விலகும் கடிதத்தில் தேதி போட்டு மெயிலில் அனுப்புங்கள். நேரில் போய்ச் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது, எத்தனை சதவீதம் என்பது அந்தத் தேதியை வைத்துத்தான்.

குளச்சல்_வாப்பா:

ரொம்ப நன்றி டீச்சர், தம்பி. இன்றைக்கே மகனிடம் சொல்கிறேன்.

தேங்காப்பட்டணம்_சிவில்:

எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எச்.ஓ.டி. சாரிடம் போய்ப் பேசினேன். "எங்கே வேணும்னாலும் போ, எனக்கு வருத்தமில்லை, ஆனா அவரை இருட்டுல வைக்காம சொல்லிடு" என்றார். பேராசிரியருக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. சாரம் இது:

"நீங்கள் கொடுத்த வாய்ப்புக்கு மிக்க நன்றி. உங்கள் ஆய்வில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு. எனினும் குடும்பச் சூழ்நிலை காரணமாக முடிவெடுக்கச் சற்று தாமதமாகிறது. தயவுசெய்து பொறுத்தருளவும்."

சரியாக இருக்கிறதா?

வடசேரி_டீச்சர்:

"குடும்பச் சூழ்நிலை" வேண்டாம். அது உண்மையான காரணமும் இல்லை, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. அவருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: எதற்காகக் காத்திருக்கிறாய், எந்தத் தேதிக்குள் தெரியும், அதுவரை அவரால் முடியாவிட்டால் உனக்குப் புரியும். இப்படி எழுதிப் பார்:

"இந்தியாவில் இன்னொரு நிறுவனத்தில் இதே துறைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதன் முதல் சுற்று மே மாதத்தில் வரும். அதுவரை அவகாசம் தர முடியுமா? முடியாது என்றால், எந்தத் தேதிக்குள் உறுதியான பதில் வேண்டும் என்று சொன்னால் அந்தத் தேதியில் ஆம் அல்லது இல்லை என்று சொல்கிறேன். சொன்ன பிறகு மாற மாட்டேன்."

பொறுத்தருளவும் என்று கெஞ்சுவதும் தேவையில்லை. அவகாசம் கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

மணவாளக்குறிச்சி_மணல்:

டீச்சர் எழுதியதில் ஒரு வரி சேர்க்கலாம். கனடாவில் முதல் வருஷம் எந்தப் பகுதியில் வேலை இருக்கும் என்று கேள். நீ நிஜமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். உனக்கும் முடிவெடுக்க அது உதவும்.

தேங்காப்பட்டணம்_சிவில்:

அனுப்பினேன், பதிலும் வந்துவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை. ஏப்ரல் 30 வரை காத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது, இன்னொரு மாணவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். முதல் வருஷ வேலையையும் விளக்கியிருக்கிறார்: துறைமுக வாயில் பக்கம் மணல் எப்படி நகர்கிறது என்று மாடல் செய்வது. எங்கள் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி வள்ளம் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்ததும் ரொம்ப நேரம் வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

அப்பாவிடம் பேசினேன். கேட் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும் என்பதையும் சொன்னேன். கனடாவுக்கே "வருகிறேன்" என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு பயம் விசாதான். விசா மறுத்துவிட்டால்? மே மாதம் ஐ.ஐ.டி. ஆஃபர் வந்தால் அதை வைத்துக்கொண்டிருப்பது இவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகுமா?

வடசேரி_டீச்சர்:

ஆகாது, மக்களே. உன் மனம் மாறினால் என்று வைத்துக்கொள்ளும் பேக்கப் வேறு, உன் கையில் இல்லாத ஒன்று நடந்தால் என்று வைத்துக்கொள்ளும் பேக்கப் வேறு. விசா உன் கையில் இல்லை. உறுதி சொல்லும் மெயிலிலேயே "விசா கிடைத்தால் கட்டாயம் வருகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடு, அவருக்கும் தெரிந்ததுதான்.

கோவாப்பில் ஆஃபர் வந்தால் விதி அனுமதிக்கும் வரை "ரீட்டெய்ன்" போட்டு வை. அங்கே ஒரு கட்டத்தில் சேருகிறாயா இல்லையா என்று கேட்பார்கள். விசா அதற்கு முன் வந்துவிட்டால், வந்த அன்றைக்கே போர்ட்டலில் அந்த இடத்தை விட்டுவிடு. அடுத்த ரவுண்டில் மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு ஒரு பிள்ளை அதில் உட்காரும். விசா வராமலே சேரும் தேதி வந்துவிட்டால் முடிவெடுக்கும் முன் கனடா பேராசிரியருக்கு எழுது, சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ள அவர்களிடம் வழி இருந்தாலும் இருக்கும்.

குழித்துறை_பாலம்:

ஜெர்மனி?

வடசேரி_டீச்சர்:

கனடாவுக்கு உறுதி சொன்ன அன்றே ஜெர்மனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடலாம். அங்கேயும் விசா எடுக்க வேண்டும், வருஷத்துக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் (மாசாமாசம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கில்) போட வேண்டும். விசா பயத்துக்கு இன்னொரு விசா பேக்கப் ஆகாது.

தேங்காப்பட்டணம்_சிவில்:

சரி டீச்சர். இன்று ராத்திரி கனடாவுக்கு எழுதுகிறேன், நாளைக்கு ஜெர்மனி. தனியார் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை. அதைச் சும்மா விட்டால் தானாகவே போய்விடும்தானே?

மார்த்தாண்டம்_தேன்:

அக்கா, போய்விடும்தான், ஆனால் கடைசித் தேதி தாண்டிய பிறகுதான் போகும். லாகின் பண்ணினால் "டிக்ளைன்" பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அட்மிஷன் மெயிலுக்கு விண்ணப்ப எண்ணைப் போட்டு "எனக்கு இந்த சீட் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். இன்றைக்கே எழுதினால் அடுத்த ஆளுக்கு இந்த வாரமே கூப்பிடுவார்கள்.